செம்மரமும் செங்குருதியும்

2015 ஏப்பிரல் 7ஆம் நாள் (தி.பி. 2046) வேங்கடத்தைச் சூழ்ந்த சேசாசலக் காட்டில் 20 தமிழர் சுட்டு வீழ்த்தப்பட்டனர். திருவண்ணாமலை, தருமபுரி முதலிய மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். அவருட் பலர் மலைவாழ் மக்கள். கல்லும் கோடரியும் கொண்டு தாக்கினர், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரக் காவல்துறை. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களும் அவருள் இருந்தனர் என்று, உயிர் தப்பியோர் மாந்த உரிமை ஆணையத்தின்முன் உரைத்தனர். 2018 பிப்பிரவரியில், கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் சேலம் மாவட்ட மலையூரினர் ஐவரின் உடல்கள் கிடந்தன. மரம் வெட்டியவனுக்குச் சாவே தண்டம் என்று எந்தச் சட்டநூலில் எழுதியிருக்கின்றது?

தமிழர் என்பதற்காகத் திருட்டுக்குப் பரிந்து பேசுகின்றோம் என எவரும் கருதிவிட வேண்டா. செம்மரம் காக்கப்பட வேண்டிய மரமே. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் ஆகியவற்றைச் சூழ்ந்த வறண்ட குன்றுகளிலன்றி உலகில் வேறெங்கும் அது பரந்த காடாய்த் தானே வளர்வதில்லை. தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடமே அதன் தாய்மடி! செஞ்சந்தனம் என்று நம் மருத்துவர் பெயரிட்டு வழங்கினும் சந்தனத்தின் மணம் இதற்கில்லை. நிறமும் வயிரமுமே இதன் செல்வம். நன்கு வயிரம் பாய்ந்த கட்டை நீரில் மிதவாது, அமிழும். அவ்வயிரம் பாயப் பன்னெடுங்காலம் ஆகும். சப்பானியர் தம் மூன்று நரம்பு யாழாகிய சாமிசெனுக்கு இதன் கட்டையைத் தேடுகின்றனர். சீனத்துச் செல்வர் இருக்கையும் பேழையும் செய்விக்கின்றனர். இவ்வேட்கைக்கு ஈடுகொடுக்கக் காட்டால் இயலாது. ஆதலின் 1995இல் அழிநிலை உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. காட்டு மரத்தின் ஏற்றுமதியும் தடுக்கப்பட்டது.

தடை மரத்தைக் காத்ததா? விலையை ஏற்றியது. விலை ஏற ஏற முகவன் மலையேறினான். சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் சாமையும் புளியும் விற்று வயிறு நிறையாத குடும்பத்தலைவன் கையில் முன்பணத்தைத் திணித்தான். எல்லை தாண்டிப் போனவன் இரவெல்லாம் வெட்டினான். தன்னினும் எடைமிக்க கட்டையைத் தோளிற் சுமந்தான். அகப்பட்டால் சிறை, இல்லையேல் குண்டு. கட்டையோ துறைமுகம் கடந்து சென்றது. அதை அனுப்பியவன் மாளிகையை நோக்கி எத்துணைத் துமுக்கிகள் நீட்டப்பட்டன?

இதனினும் நகைப்பிற்குரியது ஒன்றுண்டு. கூலியாளின் தோளிலிருந்து கைப்பற்றிய கட்டைகளை ஆந்திர அரசே உலக ஏலத்தில் விற்கின்றது! அவையும் அதே சீனச் சந்தைக்கே போகின்றன. அரசு விற்றால் வணிகம். ஏழை சுமந்தால் குற்றம். ஆகவே வணிகம் கூடாதென்பதன்று சிக்கல். எம்மரத்தை, எவர், எவ்வழியில் விற்பது என்பதே சிக்கல்.

விடை உழவன் நிலத்தில் இருக்கின்றது. தம் நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019இல் இந்திய அரசு வழிதிறந்தது. 2004 முதல் இந்தியச் செம்மரத்தின்மேல் இருந்த பன்னாட்டு மறு ஆய்வும் 2023 நவம்பரில் செனீவாவில் விலக்கப்பட்டது. ஆயினும் நட்டவன் வெட்டுவதற்கு ஓர் ஒப்புதல், வண்டியேற்ற ஓர் ஒப்புதல், தன் மரமே என்று மெய்ப்பிக்க ஒரு சான்று என அலுவலகப் படிகளை ஏறியிறங்கித் தளர்கின்றான். தளர்ந்தவனைத் தரகன் மலிவாய் வளைத்துக் கொள்கின்றான். கட்டுகளைத் தளர்த்தினால் காட்டுமரமும் தோட்டமரமாய் வேடமிட்டு வெளியேறுமே என்பர் காட்டுத்துறையினர். அவ்வச்சம் பொய்யன்று. அதற்கு மருந்து, வெட்டும் நாளில் உழவனை ஐயுறுவதன்று. நடும் நாளிலேயே மரத்தை எண்ணிட்டுப் பதிந்து, ஆண்டுதோறும் அளந்து ஏட்டிலேற்றுவது.

தமிழக அரசைக் கேட்கின்றோம்: சவ்வாது மலை மக்களுக்கு 2006ஆம் ஆண்டுக் காட்டுரிமைச் சட்டப்படி சேரவேண்டிய நிலவுரிமை முழுதும் சேர்ந்ததா? சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் அவர்கள் வாயிலிலேயே நேரிய விலை கொடுத்துக் கொள்முதல் செய்ய ஏன் தயக்கம்? ஆந்திரம் போய் வெட்டக் கற்ற அக்கைகளுக்குச் செம்மரக் கன்றுகளைக் கொடுத்து, அவர்தம் நிலத்திலேயே நடச்செய்து, மரம் முதிருங்காறும் வளர்ப்புக் கூலியும் தரட்டும். முகவன் தரும் முன்பணத்தினும் அது மிகுதியாய் இருக்க வேண்டும்.