இரங்கலுரைக்கு முன் ஒரு சந்தா

1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார் டொமினிக் ஜீவா. பிரதிகளைத் தாமே சுமந்து, தெருத்தெருவாக நடந்து விற்றார். பின்னர் கொழும்பு 13, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்து அதனை வெளியிட்டு வந்தார். அந்த இதழ் 2012 இல் நின்றுபோனது. 2021 ஜனவரியில் ஜீவா மறைந்தபோது பத்திரிகைகளிலும் இணையத்திலும் புகழுரைகள் குவிந்தன. அவற்றை வாசித்த என் மனத்தில் எழுந்த கேள்வி ஒன்றே: இவர்களுள் எத்தனை பேர் மல்லிகைக்குச் சந்தா செலுத்தியிருப்பார்கள்?

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பாராட்டைக் கொண்டு கடதாசி வாங்க முடியாது. இரவல் வாசகர் எத்தனை பேர் இருப்பினும், அச்சகக் கூலி விலை கொடுத்து வாங்குபவரிடமிருந்தே வரவேண்டும்.

1942 இல் தொடங்கப்பெற்ற கொழும்புத் தமிழ்ச் சங்கம் வெள்ளவத்தையில் நூலகத்துடன் இயங்குகிறது. அது என்றும் இருக்கும் என்ற நினைப்பில் அதன் வாசலைக் கடந்து போகிறவர்கள் நம்மிடையே பலர். யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது. அது பிறர் இழைத்த கொடுமை. வாசகர் வராமையால் ஒரு நூலகம் மூடப்படுமாயின் யாரைக் குற்றஞ்சாட்டுவது?

வேண்டுவது பெருங்கொடையன்று. அங்கத்தவராகச் சேருங்கள். மாதம் ஒருமுறை பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். வெளியீட்டு விழாவில் தேநீரோடு திரும்பாமல் ஒரு நூலையும் விலை கொடுத்து வாங்குங்கள். இருக்கும்போது செலுத்தும் சிறு தொகை, இல்லாதபோது எழுதும் நீண்ட இரங்கலுரையினும் மேலானது.