பாய்மரப் படகில் நமக்கும் ஓர் இடம்

வளைகுடா நாடுகளில் நம்மவர் குடியேறித் தலைமுறைகள் கடந்துவிட்ட பின்னரும், துபாயிலோ அபுதாபியிலோ தோஹாவிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சமுத்திரம் என்பது விடுமுறை நாளின் மாலையில் கரையோரம் அமர்ந்து பார்த்துவிட்டு எழுந்து வரும் ஒரு காட்சியாகவே இருந்துவருவது எனக்கு நெடுநாளாக வருத்தம் தரும் விஷயம். உம் சுகீம் கரையில் 1974இல் தொடங்கப்பெற்ற துபாய் ஆஃப்ஷோர் செய்லிங் கிளப்பைப் போன்ற சங்கங்கள் படகுப் பந்தயங்கள் நடத்திவருகின்றன; அவற்றில் கலந்துகொள்ளச் சொந்தப் படகு வேண்டும் என்று எண்ணி நம்மில் பெரும்பாலோர் அந்த வாயிலை எட்டிப் பார்ப்பதே இல்லை. உண்மை வேறு. 30 அடிப் படகு ஒன்றைப் பந்தயத்தில் செலுத்த ஐந்தாறு பேர் தேவை. ஆதலால் ஆள் தேடுவது படகுக்காரரின் நிரந்தரக் கவலை.

சுக்கான் பிடிப்பவர் ஒருவர். பெரிய பாயின் கயிற்றைக் காப்பவர் ஒருவர். முன்பாயைக் கவனிப்போர் இருவர். எஞ்சியவர்களின் முதற்கடமை, காற்று வரும் பக்கத்து விளிம்பில் வரிசையாக அமர்ந்து, தங்கள் உடல் எடையால் படகு மிகையாகச் சாயாமல் தாங்குவதே. பிற்பகலில் வடமேற்கிலிருந்து எழும் கடற்காற்று வலுத்திருக்கையில், திரும்பச் சொல்லும் குரல் கேட்ட கணத்தில், ஒரு பக்கத்து முன்பாய்க் கயிற்றை விடுவித்து, மறுபக்கத்துக் கயிற்றை உருளையில் சுற்றி இழுத்து, எல்லோரும் தாழக் குனிந்து பாயின் அடிமரத்துக்குக் கீழே புகுந்து எதிர்விளிம்பை அடைய வேண்டும்; இவ்வளவும் சில விநாடிகளுக்குள். ஒருவர் பிந்தினாலும் படகு வேகமிழக்கும். கரையில் அதிகாரியாகவும் சிப்பந்தியாகவும் இருப்பவர்கள் அங்கே அந்த ஒரு குரலுக்குச் சமமாகக் கீழ்ப்படிகிறார்கள். பதவியையும் தேசத்தையும் கொண்டே மனிதரை எடைபோடப் பழகிவிட்ட நம் பிரவாச வாழ்வில் இது அபூர்வமான அனுபவம்.

இந்த வித்தை நமக்கு அந்நியமானதும் அன்று. பாக் ஜலசந்திப் பாய்ப்படகுகளில் குறுக்கே நீட்டிய பலகையின்மீது, காற்றின் வலிவுக்கேற்ப ஆட்கள் ஏறிச் சென்று படகைச் சமநிலையில் நிறுத்துவது நம் மீனவர் கையாண்ட முறையே. முத்துக்குளிப்புப் பருவம் முடிந்து வீடு திரும்பிய தம் முன்னோரின் நினைவாக, அமீரக மக்கள் 1991 முதல் சர் பூ நாயர் தீவிலிருந்து துபாய்க் கரைவரை 60 அடி மரக்கலங்களைப் பாய் விரித்து ஓட்டும் அல் கஃப்பால் பந்தயத்தைப் போற்றிவருகிறார்கள். அதே முத்துக்குளிப்பில் பெயர் பெற்ற தூத்துக்குடியை உடைய நாம், நம் பிள்ளைகளுக்குக் கயிற்றில் ஒரு முடிச்சுப் போடவும் கற்பிக்கவில்லை. இவ்வளைகுடாவின் அண்டை நீரில்தான், ஓமானின் முஸன்னாவில், 2021 ஏப்ரலில் சென்னையின் நேத்ரா குமணன் படகோட்டத்தில் ஒலிம்பிக் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். வேலூரின் விஷ்ணு சரவணனும், வருண் தக்கர் – கணபதி இணையும் அங்கேயே தகுதி பெற்றனர்.

இது செல்வர் விளையாட்டு என்னும் ஆட்சேபம் முற்றிலும் பொய்யன்று. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாளை, முகாமில் துணி துவைக்கவும் ஊருக்குப் பேசவும் செலவிடும் தொழிலாளியிடம் படகுப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. பஹ்ரைனிலும் சவூதியிலும் பிறர் படகில் மீன்பிடிக்கும் கன்னியாகுமரி மீனவருக்கோ கடல் பொழுதுபோக்கு அன்று, ஜீவனம். ஆனால் இரண்டு நாள் விடுமுறையும் வாகன வசதியும் உள்ள உத்தியோகஸ்தர்களுக்கு என்ன தடை? பொங்கல் விழாவையும் கிரிக்கெட் போட்டியையும் சிரத்தையுடன் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள், வெயில் தணிந்து பந்தயப் பருவம் தொடங்குமுன், அருகிலுள்ள படகுச் சங்கத்தாரிடம் பேசி, ஆர்வமுள்ளோரின் பெயர்ப்பட்டியலை அளிக்கலாம். நீந்தத் தெரியாதோருக்கு முதலில் நீச்சல் கற்பிக்க ஏற்பாடு செய்யலாம். பெண்பிள்ளைகளின் பெயர்களும் அப்பட்டியலில் இருக்க வேண்டும்.