நடிகர் பக்தி

கோயிலுக்குள் இருக்கும் கல்லின் தலையில் பாலைக் கொட்டுவது மடமை என்று நாம் சுமார் நூறு வருஷ காலமாகச் சொல்லி வருகிறோம். அதைக் கேட்டு, "பிள்ளைக்கு ஆகிற பாலைக் கல்லுக்கு ஊற்றுவானேன்?" என்று கேட்கத் தெரிந்துகொண்ட வாலிபர்களே, இன்று சினிமாக் கொட்டகை வாசலில் நடிகரின் கட்அவுட் மீது ஏறி நின்று குடம் குடமாகப் பாலை ஊற்றுகிறார்கள். மடமை ஒழிந்துவிட்டது என்று சொல்வதா, வீடு மாறிக் குடியேறிவிட்டது என்று சொல்வதா?

சினிமா பார்ப்பதையோ, ஒரு நடிகரின் திறமையில் மகிழ்வதையோ நாம் குற்றம் சொல்ல வரவில்லை. காணையிலும் சுற்றுக் கிராமங்களிலும் பகலெல்லாம் கரும்பு வெட்டியும் கழனியில் உழைத்தும் களைத்தவர், விழுப்புரம் போய் இரண்டு மூன்று மணி நேரம் சிரித்துவிட்டு வந்தால் அதில் யாருக்கு என்ன நஷ்டம்? நாம் கேட்பதெல்லாம், கொட்டகைக்குள் போகும்போது கொண்டு போன மூளையை வெளியே வரும்போதும் கொண்டு வர வேண்டாமா என்பதுதான்.

நடிகனை மதிப்பது எப்படி என்பதற்கு நம் ஜில்லாவோடு சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. தம் பெயருக்கு முன்னால் விழுப்புரத்தையே முதலெழுத்தாகக் கொண்ட வி.சி.கணேசன், அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் சிவாஜி வேஷம் போட்டார். அதைப் பார்த்த பெரியார் 1946-ல் அவருக்குச் "சிவாஜி" என்ற பட்டத்தைக் கொடுத்தார். அந்தப் பட்டம் நடிப்புக்குக் கொடுத்த மரியாதை. அவருக்குப் பூசை போடும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அதே கணேசன் 1956-ல் திருப்பதிக்குப் போனார். நம் கொள்கைக்கு எதிர்த் திசையில் நடந்தார். அதற்காக அவர் நடிப்பு கெட்டுப் போய்விடவில்லை. அவர் நடிப்பு உயர்ந்தது என்பதற்காகத் திருப்பதியும் சரியாகிவிடவில்லை. பின்னால் அவர் சொந்தக் கட்சி கண்டு 1989-ல் திருவையாற்றில் தேர்தலுக்கு நின்றபோது ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அவர் படத்தைப் பார்த்து அழுதவர்களும் அந்த ஊரில் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கண்ணீர் வேறு, ஓட்டு வேறு என்று தெரிந்திருந்தது. அதற்குப் பெயர்தான் பகுத்தறிவு.

நிற்க, பக்தி முற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்ப்போம். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். இறந்தபோது துக்கம் தாங்காமல் உயிரை விட்டவர்கள் உண்டு. 2023 ஜனவரி 11-ல், ஒரு படம் வெளியான சந்தோஷத்தில், சென்னைக் கோயம்பேட்டில் ஓடுகிற லாரியின் மேல் ஏறி ஆடிய 19 வயதுப் பையன் கீழே குதித்துச் செத்தான். 2025 செப்டம்பர் 27-ல் கரூரில், நடிகர் விஜய்யைப் பார்க்கக் கூடிய கூட்டத்தில் குழந்தைகள் உட்பட 41 பேர் நசுங்கி மாண்டார்கள். சட்டப்படிக் குற்றம் யாருடையது என்பது விசாரணை சொல்ல வேண்டிய விஷயம். ஆனால் ஒரு மனிதரின் முகத்தைப் பார்ப்பதற்காகக் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வெயிலில் நிற்கலாம் என்ற எண்ணத்தை நமக்குள் வளர்த்தது எது? தேருக்கும் கும்பாபிஷேகத்துக்கும் கூட்டம் கூடி நசுங்கிப் பழகிய அதே புத்திதான் அல்லவா?

காணைக்குப் பக்கத்தில், விக்கிரவாண்டி வி.சாலையில், 2024 அக்டோபர் 27-ல் அதே நடிகரின் கட்சி முதல் மாநாடு கூடியது. கட்சி தொடங்குவது யாருக்கும் உள்ள உரிமை. அதை நாம் மறுக்கவில்லை. அங்கே பெரியார் உருவத்தையும் வைத்தார்கள். பெரியாரை ஏற்கிறோம், அவருடைய கடவுள் மறுப்பை மட்டும் ஏற்கவில்லை என்றும் பேசினார்கள். அது சரியா தப்பா என்று அங்கே விசிலடித்த வாலிபர்களில் எத்தனை பேர் வீட்டுக்குப் போய் யோசித்தார்கள்? யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டிருந்தால் நமக்கு வருத்தமில்லை. வாதம் செய்ய ஆள் கிடைத்தது என்று சந்தோஷப்படுவோம். தாம் சொல்வதையும் ஆராய்ந்து பார்த்தே ஏற்கும்படிச் சொன்னவர் பெரியார். அவரிடமே கேள்வி கேட்கலாம் என்றிருக்க, நடிகரிடம் கேட்கக் கூடாதா?

மற்றொரு விஷயம். கொட்டகைக்குள் ஊரும் சேரியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே நடிகருக்குக் கை தட்டுகிறது. நல்ல காரியம்தான். ஆனால் வெளியே வந்ததும் அவனவன் தெரு அவனவனுக்கு! விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தாழ்த்தப்பட்டோரைக் கோயிலுக்குள் விடாமல் தடுத்து, தகராறு முற்றி, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஒரே நடிகருக்குத் "தம்பி", "ரசிகன்" என்று சொல்லிக்கொள்கிற இரண்டு தெரு வாலிபர்களும், பாலுக்கும் பட்டாசுக்கும் பணம் சேர்த்த ஒற்றுமையை அந்த வாசலில் காட்டியிருந்தால் பூட்டுக்கு வேலை வந்திருக்குமா?

ஆகவே வாலிபத் தோழர்களே, படம் பாருங்கள், நன்றாயிருந்தால் மெச்சுங்கள், நன்றாயில்லாவிட்டால் உங்கள் நடிகராயிருந்தாலும் நன்றாயில்லை என்று தைரியமாய்ச் சொல்லுங்கள். நடிகர் தம் தொழிலைச் செய்து கூலி வாங்குகிறார். நீங்கள் உங்கள் தொழிலைச் செய்து கூலி வாங்குகிறீர்கள். ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியின் காலில் விழ வேண்டிய அவசியம் என்ன? கடவுளின் முன்னாலேயே குனிய மறுத்த தலை, அட்டை மனிதன் முன்னால் குனியலாமா?