இருபதில் ஒரு பங்கு லொறி

என் மேசையில் ஒரு கொழுந்து லொறி நிற்கிறது. நீளம் 28 சென்ரிமீற்றர். முன்மூக்கு நீண்ட பழைய பெட்போர்ட். டயர் நான்கும் தேய்ந்த ரப்பர் செருப்பின் குதிப்பக்கத்திலிருந்து வெட்டியவை. முன்விளக்குக் கண்ணாடி பெனடோல் அட்டையின் குமிழ். அச்சு குடைக்கம்பி. பின்பக்கப் பலகைச் சட்டங்கள் எல்லாம் பழைய தேயிலைப் பெட்டியின் ஒட்டுப்பலகை. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தரம் 10 படிக்கிற பையன் ஐந்து மாதம் உட்கார்ந்து செய்தது. என்னிடம் கணக்குக் கேட்க வந்தவன், இதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சென்ற வருடம் ஒரு கண்காட்சிக்கு இதை அனுப்பினோம். ‘கழிவுப்பொருள் ஆக்கம்’ என்ற மேசையில், போத்தல் பூச்சாடிக்கும் ஐஸ்கிறீம் குச்சி வீட்டுக்கும் நடுவில் வைத்தார்கள். பரிசு கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தமில்லை. “வேலை நல்லம், ஆனால் பூச்சு சுத்தமில்லை, சேறு பட்டிருக்கிறது” என்று ஒருவர் சொன்னதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது. அந்தச் சேற்றைப் பூசத்தான் அவன் இரண்டு கிழமை செலவழித்தான். எங்கள் றோட்டுச் செம்மண்ணைத் துணியில் சலித்து, தேயிலைச் சாயத்தில் கரைத்து, பசை சேர்த்து, சில்லுக்கு மேலே மட்கார்டின் உட்புறம் கெட்டியாகவும் கதவுப் பக்கம் மெல்லியதாகவும் தெளித்திருந்தான். மழைக்காலத்தில் மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கிப் போகும் எந்த லொறியையும் பார்த்தவருக்கு அது தெரியும்.

நான் முப்பது வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன். என் அப்பா தோட்டத்து லொறியில் கிளீனர். இந்த இரண்டு உரிமையையும் வைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். நமது பிள்ளைகள் செய்கிற இந்தச் சின்ன வண்டிகளைக் கழிவுப்பொருள் மேசையிலிருந்து எடுத்து, அளவுகோலோடு தனி மேசையில் வையுங்கள். தோட்டங்களில் மிச்சமிருக்கிற பழைய வண்டிகள் இரும்புக்குப் போகும் முன்னே, இந்தப் பிள்ளைகளை அளவு நாடாவோடு உள்ளே விடுங்கள்.

விளையாட்டு வண்டிக்கும் மாதிரி வண்டிக்கும் உள்ள வித்தியாசம் அளவுதான். உலகமெல்லாம் பிள்ளைகள் கையில் புழங்கிய ‘மாட்ச்பொக்ஸ்’ கார்களின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். இங்கிலாந்தில் ஜாக் ஓடெல் என்ற பொறியாளரின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளைத்தான் கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அவர் பித்தளையில் ஒரு சிறு றோட்டு ரோலர் செய்து கொடுத்தார். அதிலிருந்து பிறந்த வரிசை 1953இல் கடைக்கு வந்தது. அழகான வண்டிகள், நானும் ஒன்று வைத்திருந்தேன். ஆனால் பெட்டிக்கு அடங்க வேண்டும் என்பதுதான் அங்கே சட்டம். அதனால் பஸ்ஸும் காரும் ரோலரும் ஏறக்குறைய ஒரே பருமனில் இருக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு விகிதத்தில் சுருங்கியிருக்கும். மாதிரி செய்கிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. 1:24, 1:43, 1:64 என்று ஒரு விகிதத்தைப் பிடித்தால், கதவுப்பிடி வரைக்கும் அதே விகிதம்தான்.

எங்கள் பையன் பிடித்தது 1:20. ஒரு மீற்றருக்கு 5 சென்ரிமீற்றர், மனக்கணக்காகவே போடலாம். சிக்கல் எங்கே வந்தது என்றால், அளப்பதற்கு லொறி இல்லை. அவன் பிறப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே அது இரும்புக்குப் போய்விட்டது. இருந்தது ஒரு கல்யாணப் போட்டோ. மாப்பிள்ளை பெண்ணுக்குப் பின்னால் லொறி பக்கவாட்டில் நிற்கிறது. “சேர், இதுல எப்படி அளக்குறது?” என்று கேட்டான். டயரில் என்ன எழுதியிருக்கும் என்பது எனக்கு மனப்பாடம், ஏனென்றால் அந்த டயரை உருட்டி விளையாடி அடி வாங்கியவன் நான். 7.50-16. அகலம் ஏழரை அங்குலம், ரிம் பதினாறு அங்குலம். அந்த டயர் நிமிர்த்தி வைத்தால் 80 சென்ரிமீற்றர் உயரம் வரும். போட்டோவில் டயரை அளந்தான், 8 மில்லிமீற்றர். அப்படியானால் போட்டோவில் 1 மில்லிமீற்றர் என்பது மண்ணில் 10 சென்ரிமீற்றர். பின்பக்கப் பொடியை அளந்தான், முப்பத்தாறரை மில்லிமீற்றர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 12 அடி. தோட்டத்துத் தச்சர் கட்டிய 12 அடிப் பொடி என்று அப்பா சொன்னது அப்படியே வந்து நின்றது. அந்தப் பின்னேரம் அவன் முகத்தைப் பார்த்திருந்தால், விகிதசமன் பாடத்தை நான் முப்பது வருடம் கரும்பலகையில் எப்படிக் கொன்றிருக்கிறேன் என்று உங்களுக்கும் விளங்கியிருக்கும்.

டயரின் அகலம் 19 சென்ரிமீற்றர், இருபதால் வகுத்தால் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. புதுச் செருப்பு அதற்குத் தடிப்பு. இரண்டு வருடம் மலையேறித் தேய்ந்த செருப்புத்தான் சரியாகப் பொருந்தியது. பலகைக்கும் அப்படித்தான். ஓர் அங்குலப் பலகை இருபதில் ஒரு பங்காகும்போது ஒன்றேகால் மில்லிமீற்றர் சொச்சம். தேயிலைப் பெட்டிப் பலகையைச் சுடுநீரில் ஊறவைத்து ஒரு படலத்தை உரித்தால் ஏறக்குறைய அந்தத் தடிப்பு வரும். தேயிலை காகிதச் சாக்கில் போகத் தொடங்கிய பிறகு இந்தப் பெட்டி அருமையாகிவிட்டது. லயத்துக் காம்பராக்களில் துணிப் பெட்டியாகவும் சாமித்தட்டாகவும் இருப்பவைதான் மிச்சம். ஒரு வீட்டில் அந்தச் சாமித்தட்டையே கழற்றிக் கொடுத்தார்கள்.

கிட் வாங்கிப் பூட்டினால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும், அதிலும் கைப்பழக்கம் வரும். ஆனால் வெளிநாட்டுக் கிட் ஒன்றின் விலையில் ஒரு தாயின் எத்தனையோ நாள் சம்பளம் போய்விடும். அது ஒரு பக்கம். எங்கள் கொழுந்து லொறி எந்தக் கிட்டிலும் வராது என்பது மறுபக்கம். சேசிஸும் எஞ்சினும் கப்பலில் வந்தன. பொடியை இங்கேதான் கட்டினார்கள், அந்த மலைக்கும் அந்த வேலைக்கும் ஏற்ற மாதிரி. கொழுந்தை அமுக்கி அடைத்தால் சூடேறும், சிவந்துவிடும், ஸ்டோருக்குப் போய்ச் சேரும்போது தூளின் தரம் போய்விடும். அதனால் பக்கங்கள் காற்றுப் போகச் சட்டம் சட்டமாக இருக்கும். மேல்சாக்கின் பாரம் கீழ்ச்சாக்கில் இறங்காமல் உள்ளே தட்டு அடித்திருப்பார்கள். பையன் முதலில் பக்கத்தை அடைத்துத்தான் செய்தான். ஏன் இடைவெளி என்று தெரிந்ததும் கழற்றிப்போட்டு மறுபடி செய்தான். வண்டியைத் தன் விருப்பத்துக்கு மாற்றிக் கட்டுவது என்று உலகத்தில் பெரிய பொழுதுபோக்காகப் பேசுகிறார்களே, எங்கள் தச்சர்கள் அதைத் தொழிலாகவே செய்தார்கள். அவர்கள் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

நம்பர் பிளேட்டுக்கு நாங்கள் நான்கு நாள் பேசினோம். அந்தக் காலத்து வண்டி என்றால் இலக்கங்களுக்கு நடுவில் சிங்கள ஸ்ரீ இருக்கும். 1957, 58இல் அந்த ஒரு எழுத்துக்காகத் தமிழர் தார்ச் சட்டியோடு வீதியில் இறங்கியதைப் பையன் கேள்விப்பட்டதே இல்லை. “அப்ப எழுதாம விட்ருவோமா சேர்?” என்றான். எழுது என்றேன். இருந்தது இருந்தபடி இருக்க வேண்டும். கதவில் தோட்டத்தின் பெயரை எழுதும்போதும் இதே கேள்விதான் வந்தது. 1975இல் வெள்ளைக்காரக் கம்பனித் தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின. 1992இல் மறுபடி கம்பனிகளின் கைக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் கதவில் எழுத்து மாறியது. எந்த வருடத்து லொறி என்று முடிவு செய்யாமல் ஒரு எழுத்தும் எழுத முடியாது. சரித்திரப் பாடத்தில் பிள்ளைகள் வருடத்தை மனப்பாடம் செய்கிறார்கள். இவன் வருடத்தைத் தேடிப் போனான்.

ஒரு லொறிக்கு ஏன் இவ்வளவு? அது கொழுந்து மட்டும் ஏற்றவில்லை. பிரசவ வலி எடுத்த பெண்கள் சாக்குப் படுக்கையில் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போனது அந்த லொறியில். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கென்று எழுதப்பட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் எங்கள் லயத்துக் குடும்பங்களும் இருந்தன. டிரங்குப் பெட்டியும் அம்மிக்கல்லும் ஏற்றிப் பதுளை ஸ்டேசனுக்கு இறங்கியது அதே லொறி. என் சித்தப்பா குடும்பம் அப்படித்தான் போனது. தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம். அப்பா ஸ்டேசனில் சாமான் இறக்கிக் கொடுத்துவிட்டு வெறும் லொறியில் திரும்பி வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய பீக்கொக் தோட்டத்து லயத்தைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், போற்ற வேண்டிய வேலை. ஊவாவில் எங்களுக்கு அப்படி ஒரு காம்பராகூட இல்லை. அப்படி ஒன்று இருந்தாலும் முழு லொறியைக் கொண்டுபோய் வைக்க இடம் ஏது? இருபதில் ஒரு பங்கு லொறிக்கு ஒரு அலுமாரித் தட்டுப் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது லேசான விஷயமல்ல. 2021 மார்ச் 20 அன்று பசறை 13ஆம் கட்டையில் லுணுகலையிலிருந்து வந்த பஸ் பள்ளத்தில் விழுந்ததை ஊவாவில் யாரும் மறக்க மாட்டார்கள். கல் விழுந்து றோட்டு குறுகியிருந்த இடத்தில், எதிரே வந்த டிப்பருக்கு ஒதுங்கியபோது போனது. அதற்குப் பிறகு நான் ஒரு வளைவை ரெஜிபோமில் வெட்டி வகுப்பில் வைத்தேன். பஸ்ஸின் அகலம் இரண்டரை மீற்றர், மாதிரியில் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். டிப்பரும் ஏறக்குறைய அவ்வளவு. இரண்டும் உரசியபடி நிற்கவே 25 வேண்டும். ஒரு கல்லை வைத்ததும் அந்த 25 இல்லாமல் போனது. பிள்ளைகள் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு பெண்பிள்ளை எழுந்து வந்து பஸ்ஸைப் பின்னால் இழுத்து, டிப்பரை முதலில் விட்டாள். றோட்டைத் திருத்துகிறவர்கள் வரைபடத்தோடு இப்படி ஒரு மாதிரியையும் ஊர்க்கூட்டத்தில் வைத்தால், மீற்றர் கணக்கு விளங்காத அம்மாமாரும் ஒரு வார்த்தை சொல்வார்கள்.

கேரளத்து இளைஞர்கள் ஃபோம் தட்டில் தங்கள் ஊர் பஸ்களை அச்சாகச் செய்வதைப் பலர் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டிலும் இ.போ.ச. சிவப்பு பஸ்ஸைச் செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 1958இல் தொடங்கிய அந்தச் சபையின் பஸ்களைச் செய்ய, போட்டோவாவது கிடைக்கிறது. கொழுந்து லொறியை யார் போட்டோ எடுத்தார்கள்? கல்யாணப் போட்டோவில் தற்செயலாக மாட்டிக்கொண்டால்தான் உண்டு. 2020இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திறந்துவிட்டது. இவ்வளவு காலமும் வேறு வழியில்லாமல் ஒட்டிப் பூட்டி ஓட்டிய பழைய லொறிகளும் டிரெக்டர்களும் இனி வரிசையாக இரும்புக் கடைக்குப் போகும். ஏலத்துக்கு முதல் நாள் அரை நாள் போதும். ஒரு நாடா, ஒரு கொப்பி, ஒரு போன். தோட்டத்து ஆபீசில் இதற்கு ஒரு சதம் செலவில்லை. பாடசாலைகளில் தொழில்நுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் ஒரு கடிதம் எழுதினாலே கதவு திறக்கும் என்று நம்புகிறேன். கண்காட்சி நடத்துகிறவர்கள், புள்ளி போடும்போது கையில் ஒரு அடிமட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

பையனின் லொறியில் ஒரு குறை இருந்தது. போட்டோ பக்கவாட்டில் எடுத்தது, பின்பக்கம் தெரியவில்லை. பின்கதவுக்குக் கீழே ஏறுவதற்கு ஒரு இரும்புப் படி இருந்தது, அது எனக்கு ஞாபகம். உயரம் ஞாபகமில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய அம்மாயி நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். லொறியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், “படி எங்கய்யா? படி இல்லாம எப்படி ஏறுறது?” என்றார். எவ்வளவு உயரம் இருந்தது என்று கேட்டோம். எழுந்து நின்றார். கூடையைப் பிடிப்பது போல ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் முழங்காலுக்கு மேலே ஒரு இடத்தைத் தொட்டார். “இம்புட்டு. மழ நேரம் சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டுத்தான் ஏறணும். உங்க மாமா வயித்துல இருக்கயில ரெண்டு பேரு கை குடுத்துத் தூக்குனாங்க.”

பையன் நாடாவைத் தரையில் ஊன்றி அந்த விரல் வரைக்கும் அளந்தான். 58. “வயசாகிக் குறைஞ்சிருப்பேனேய்யா, கணக்கு சரியா வருமா?” என்று அம்மாயி கேட்டார். குறைவது முதுகுதான், கால் எலும்பு குறையாது என்றேன். அவன் கொப்பியில் எழுதினான்: படி, 29 மில்லிமீற்றர்.