திரை கறுத்தால் உடனே ஃபார்மட்டா?

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிய கம்ப்யூட்டர் என்றாவது ஒருநாள் மக்கர் பண்ணத்தான் செய்யும். ஃபேன் சுற்றும், திரை மட்டும் கும்மிருட்டு. உடனே "ஃபார்மட் அடிச்சிடலாம்"னு யோசனை சொல்ல நாலு பேர் வருவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பயாஸ் எழுத்தே வரவில்லை என்றால் கோளாறு விண்டோஸில் இல்லை. மெஷின் அதுவரைக்கும் போகவே இல்லையே! ஃபார்மட் அடித்தால் அக்காவின் ப்ராஜெக்டும் வீட்டு போட்டோக்களும்தான் போகும், கோளாறு போகாது.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். (இது முக்கியம், விளையாட்டு இல்லை.) ரேமைக் கழற்றி, அதன் மஞ்சள் முனைகளை ரப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டக்'கென்று உட்காரும்படி பூட்டுங்கள். பழைய அவார்டு பயாஸ் ஒரு நீள பீப், இரண்டு குட்டி பீப் அடித்தால் கிராபிக்ஸ் பக்கம் தகராறு. புது போர்டுகள் பலவற்றில் பீப்புக்குப் பதில் குட்டி விளக்கு எரியும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே செருகிப் பாருங்கள். படம் வந்தால் மதர்போர்டு பிழைத்தது. கார்டையோ, ஸ்லாட்டையோ, பவர் சப்ளையையோ சந்தேகப்படலாம். ஆனால் இன்டெல்லில் 'எஃப்' என்று முடியும் பிராசஸருக்கு இந்த வித்தை பலிக்காது, அதற்குள் கிராபிக்ஸ் வேலை செய்யாது.

இதெல்லாம் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "மதர்போர்டு போச்சு, புதுசு வாங்கணும்" என்று சொன்னால், "என்ன பீப் அடிச்சுதுண்ணே?" என்று கேளுங்கள்.