செம்பும் பிளாஸ்டிக்கும் சந்திக்கும் இடம்



வீட்டில் குழாய் வேலை நடக்கும் நாளில் கணவர் பெரும்பாலும் கடையிலோ கந்தோரிலோ இருப்பார். பிளம்பர் பாஸ் கேட்கும் சாமான்களுக்கு ஆள் அனுப்புவதும், வேலை முடிந்ததும் பார்த்துச் சரிசொல்லிக் கூலி கொடுப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. ஆகவே, அந்த வேலையின் நுணுக்கத்தை நீங்களும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. இம்முறை, சுடுநீர்க் கீசர் பொருத்தும்போது எழும் ஒரு விடயத்தைப் பார்ப்போம்.

நமது வீடுகளில் பச்சைத் தண்ணீர் வருவது பெரும்பாலும் பிவிசி பைப்பில். கீசரோடு தொடுப்பதற்குச் சில வீடுகளில் செப்புக் குழாய் போடுகிறார்கள். இவ்விரண்டும் ஓரிடத்தில் சந்தித்தே ஆகவேண்டும். அந்தச் சந்திப்பு சரியில்லையென்றால் சுவர் ஊறும், சுண்ணாம்பு உதிரும், பதித்த டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

ஏன் இந்தச் சிக்கல்? இரண்டும் இரு வேறு இயல்புடையவை. பிவிசியைப் பிவிசியோடு சேர்க்கும் கம் வெறும் பசையல்ல. அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. செம்பை அது கரைப்பதில்லை, ஆகவே பிடிப்பதுமில்லை. செம்பைச் செம்போடு சேர்ப்பது பற்றாசு. அதை உருக்க ஏறத்தாழ 200 பாகை செல்சியசும் அதற்கு மேலும் சூடு வேண்டும். பிவிசியோ 80 பாகையளவிலேயே இளகிவிடும். ஆக, கம்மும் உதவாது, நெருப்பும் உதவாது. 'அரை அங்குல பைப்' என்று இரண்டுக்கும் ஒரே பெயர் சொன்னாலும் வெளிச்சுற்று ஒரே அளவல்ல. ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி ரப்பர் துண்டைச் சுற்றிக் கட்டுவது இணைப்பாகாது.

சரியான வழி, இரு வீட்டாருக்கும் பொதுவான ஒருவரை நடுவில் வைப்பதுதான். அந்த ஆள், புரி வெட்டிய பித்தளைச் சொக்கட். அதன் ஒரு முனையில் செப்புக் குழாயைப் பற்றாசால் சேர்க்கலாம். நெருப்பு வேண்டாமென்றால் வளையமும் நட்டும் கொண்டு இறுக்கும் வகையை வாங்கலாம். பிவிசி பைப்பின் முனையில் புரியுள்ள பிளாஸ்டிக் துண்டு ஒன்றைக் கம் போட்டு ஒட்ட வேண்டும். அது காய்ந்தபின், புரியின்மீது வெள்ளை டேப்பைச் சுற்றி இரண்டையும் திருகிச் சேர்க்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பற்றாசு வேலை முதலில் முடிந்து, செம்பு நன்றாக ஆறிய பின்னரே பிளாஸ்டிக் பக்கத்தில் வரவேண்டும். பிளாஸ்டிக் புரி உள்ளே போய், பித்தளை அதை வெளியேயிருந்து பிடிப்பது நல்லது. பித்தளையைப் பிளாஸ்டிக்குக்குள் திருகி இறுக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். அன்று தெரியாத மயிரிழை வெடிப்பு ஆறு மாதம் கழித்து வேலையைக் காட்டும். கையால் இறுக்கியபின் சாவியால் ஒரு சுற்று, மிஞ்சினால் இரண்டு போதும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, இச்சந்திப்பு எந்தப் பக்கத்தில் அமைகிறது என்பது. சாதாரண பிவிசி பச்சைத் தண்ணீருக்கு மட்டுமே உரியது. 60 பாகைச் சூட்டில் அது வழமையாகத் தாங்கும் அழுத்தத்தின் கால்பங்கைக் கூடத் தாங்காது. கீசரிலிருந்து வெளிவரும் குழாயில் அதைப் போட்டால், என்றோ ஒருநாள் அது விலகிக் கொதிநீர் பாயும். குளிக்கும் பிள்ளையின்மேல் அது பட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். சுடுநீர்ப் பக்கத்தில் செம்பு வேண்டும். அல்லது சுடுநீருக்கென்றே செய்த பிளாஸ்டிக் வேண்டும். பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் பக்கத்திலும் கீசரின் சூடு செம்பு வழியே பின்னோக்கி வரும். ஆகவே கீசரிலிருந்து குறைந்தது 18 அங்குலம் தள்ளியே பிவிசி தொடங்கட்டும்.

பற்றாசு எதுவென்றும் கேளுங்கள். ரேடியோ திருத்தும் கடைகளில் பாவித்துவந்த ஈயம் கலந்த பற்றாசு தண்ணீர்க் குழாய்க்கு ஆகாது. ஈயம் தண்ணீரில் கலந்தால் சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈயமில்லாத பற்றாசு கிடைக்கிறது; அதையே கேட்டு வாங்குங்கள். எப்படியிருப்பினும், பால்மா கரைக்கக் கீசர் தண்ணீரை எடுக்காதீர்கள்.

மின்சார விடயம் ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. பழைய உலோகக் குழாயை நம்பி எர்த் கொடுத்திருந்த வீட்டில், நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வந்ததும் அந்தப் பாதுகாப்பு அறுந்துபோகும். குழாயை மாற்றினால், எர்த் கம்பியையும் ட்ரிப் சுவிட்சையும் எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டாமல் கீசரைப் போடவேண்டாம். வேலை தொடங்குமுன் அதன் சுவிட்சை அணைத்து, தண்ணீரை ஆறவிட்டு, மெயின் வால்வையும் பூட்டிவிட வேண்டும்.

கடைசியாக, சுவரைப் பூசுமுன் சோதனை. கம் போட்ட இணைப்பை ஒருநாள் காயவிட்டு, பிறகு தண்ணீரைத் திறந்து ஓர் இரவு முழுக்க வைத்திருங்கள். காலையில் உலர்ந்த கடதாசியால் இணைப்பைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். கடதாசி நனைந்தால் வேலை முடியவில்லை. தண்ணீர் மீற்றர் உள்ள வீடாயின், எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு இரவில் இலக்கத்தைக் குறித்து வையுங்கள். விடியும்வரை யாரும் தண்ணீர் எடுக்காதிருந்தும் காலையில் அது கூடியிருந்தால் எங்கோ கசிகிறது.

விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தாலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 லீற்றர் வீணாகும். வுழூச் செய்யும் தண்ணீரையே அளவோடு பாவிக்கப் பழகிய நாம், சுவருக்குள் ஓடும் தண்ணீரைக் கண்டுகொள்ளாமல் விடலாமா? பூச்சு வேலைக்கு அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக இந்த ஓர் இரவை விட்டுக்கொடுக்காதீர்கள். பாஸிடம் இன்முகத்தோடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: "காலையில் பார்த்துவிட்டுப் பூசுவோம்."