முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை

வீட்டுப் பூனையின் அடிவயிற்றைத் தடவும்போது பட்டாணி அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், ‘பால் கட்டியிருக்கும், தானாகக் கரைந்துவிடும்’ என்று விட்டுவிடுவது நம்மிடையே வழக்கம். குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் பூனைக்கு அது பொருந்தலாம். எட்டு, பத்து வயதைக் கடந்த, பால் சுரப்பே இல்லாத பூனைக்கு அந்த ஆறுதல் ஆபத்தானது. பூனையின் பால்சுரப்பிகளில் தோன்றும் கட்டிகளில் 80 முதல் 90 சதவீதம் வரை புற்றுநோய்க் கட்டிகளே. நாய்களில் அது ஏறக்குறைய பாதிதான். பூனைக்கு வரும்போது அது நிணநீர் முடிச்சுகளுக்கும் நுரையீரலுக்கும் வேகமாகப் பரவும் நோய். இத்தனை கொடிய நோயைப் பெருமளவு வராமலே தடுக்க வழி இருக்கிறது. குட்டி முதன்முறை பருவத்துக்கு வருவதற்கு முன்பே கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுவதுதான் அது. அதையும் நாம் இரக்கத்தின் பெயரால் தள்ளிப்போடுகிறோம்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியச் சான்று. பால்சுரப்பிப் புற்றுநோய் வந்த பூனைகளை வராத பூனைகளோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் கருத்தடை செய்யப்பட்ட பூனைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு 91 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு வயதுக்கு முன் என்றால் 86 சதவீதம். இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் சரிந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு இந்த நோயிலிருந்து பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. பழைய மருத்துவக் குறிப்புகளைப் பின்னோக்கிப் பார்க்கும் ஆய்வுக்கு உரிய வரம்புகள் இதற்கும் உண்டுதான். ஆனால், இதன் முடிவு உடலியலோடு ஒத்துப்போகிறது. ஒவ்வொரு பருவத்திலும் சினைப்பை ஹார்மோன்கள் பால்சுரப்பித் திசுவைத் தூண்டுகின்றன. பூனைக்குட்டி நான்கு முதல் ஆறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். இணை சேராவிட்டால் இரண்டு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும். குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் இது ஓயும். பகல் நீளம் அதிகம் மாறாத நம் ஊரில் ஆண்டு முழுவதும் தொடரலாம். ஆகவே, ‘ஒரு வயது ஆகட்டும், பார்க்கலாம்’ என்பவர்கள் தம்மை அறியாமலே பல பருவங்களைக் கடக்க விடுகிறார்கள்.

‘ஒருமுறையாவது தாயாகட்டும், அதைத் தடுப்பது பாவமில்லையா?’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் எதிர்ப்பு. அதிலுள்ள கனிவை நான் மதிக்கிறேன். ஆனால், குட்டி போடுவது பூனையின் உடலுக்கு எந்தக் காப்பும் தருவதில்லை. அதே ஆய்வில், குட்டி போட்டதும் போடாததும் புற்றுநோய் வாய்ப்பில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஒருமுறை ஈன்றால் பிறக்கும் நான்கைந்து குட்டிகளில் எத்தனைக்கு வீடு கிடைக்கிறது, எத்தனை தெருவில் சாகின்றன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ‘இத்தனை சின்னக் குட்டிக்கு மயக்கமருந்தா?’ என்ற அச்சம் இதைவிட நியாயமானது. மயக்கமருந்தில் ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் ஐந்து மாதத்துக்குள் கருத்தடை செய்யலாம் என்ற நிபுணர் குழுவின் பரிந்துரையை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2017-ல் ஏற்றுக்கொண்டது. இளம் பூனைகள் விரைவாகவே தேறிவிடுகின்றன. உடல் பருக்கும் என்பது உண்மை. அதற்குத் தீர்வு உணவின் அளவைக் குறைப்பதுதான். அறுவைக்குத் தயங்கி, பருவத்தை அடக்கும் ஹார்மோன் ஊசியையோ மாத்திரையையோ நாடுவதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன். புரோஜெஸ்டின் வகை மருந்துகள் பால்சுரப்பிப் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சில இளம் பூனைகளில் அவை எல்லாச் சுரப்பிகளையும் ஒருசேர வீங்கச் செய்துவிடும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் அந்த வீக்கம் புற்றுநோய் அல்ல. மருந்தை நிறுத்தி, கருத்தடையோ புரோஜெஸ்டிரானைத் தடுக்கும் ஊசியோ கொடுத்தால் வடிந்துவிடும். அதைப் புற்றென்று பயந்து நல்ல பூனையைக் கருணைக்கொலைக்குக் கொண்டுபோவதும் பெருந்தவறு.

வயது கடந்துவிட்ட பூனைகளுக்கு நம்மால் செய்யக்கூடியது, சீக்கிரம் கண்டுபிடிப்பது. மாதம் ஒருமுறை, அக்குளிலிருந்து தொடையிடுக்குவரை, இருபுறமும் உள்ள நான்கு ஜோடிக் காம்புகளையும் விரல்களால் மெல்ல உருட்டிப் பார்த்தால் போதும். அளவுதான் இங்கே உயிரைத் தீர்மானிக்கிறது. இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைவான கட்டியை அகற்றிய பூனைகள் பல ஆண்டுகள் வாழ வாய்ப்புண்டு. மூன்று சென்டிமீட்டரைத் தாண்டியவற்றுக்குப் பெரும்பாலும் மாதக் கணக்குதான். கட்டியை மட்டும் கிள்ளி எடுப்பதும் போதாது. மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்துச் சுரப்பி வரிசை முழுவதையும் அகற்றி, எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். ‘கத்தி பட்டால் புற்று பரவும்’ என்று காத்திருப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்: காத்திருக்கும் மாதங்களில்தான் அது பரவுகிறது. ஆண் பூனைக்கும் அரிதாக இது வரும். சயாமீஸ் இனத்துக்கு வாய்ப்பு கூடுதல்.

பால் கொடுக்கும் பூனையின் சுரப்பி சூடாகி, சிவந்து, தொட்டால் வலிக்கிறது, குட்டிகள் எடை கூடாமல் ஓயாது கத்துகின்றன என்றால் அது பெரும்பாலும் கிருமித்தொற்று. மருத்துவர் தரும் ஆன்டிபயாடிக்கும் வெதுவெதுப்பான ஒத்தடமும் அதை ஆற்றிவிடும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

செலவைச் சொல்லித் தயங்குபவர்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் எக்ஸ்ரே, பெரிய அறுவை, திசுப் பரிசோதனை, தேவைப்பட்டால் கீமோதெரபி என்று பிறகு ஆகும் செலவுக்குப் பக்கத்தில் குட்டிப்பருவக் கருத்தடைச் செலவு சிறியது. குட்டிக்கான தடுப்பூசி வரிசை ஏறக்குறைய நான்கு மாதத்தில் முடிகிறது. கடைசி ஊசிக்குப் போகும் அன்றே மருத்துவரிடம் அறுவைக்கும் நாள் கேட்டு வாங்கிவிடலாம்.